தம்பி, அந்த லிமிட்டரைக் கழற்று

"அண்ணை, ட்ராக் முடிஞ்சுது. மாஸ்டரிங்தான் சரிவரேல்ல. ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ. இதுவும் சரிவராட்டி நான் இனி விடப்போறன்."

போன மாதம் வட்ஸ்அப்பில் வந்த குரல் செய்தி இது. அனுப்பியவன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் ஒரு பெடியன். ஊர்க் கோயில் திருவிழாவில் போனில் பதிந்த தவில் அடி ஒன்றை வெட்டி ஒட்டி, 128 பீபிஎம்மில் ஒரு ஹவுஸ் ட்ராக் செய்திருந்தான். யோசனையைக் கேட்டவுடனேயே எனக்குச் சந்தோசம். கோப்பைத் திறந்து பார்த்தேன். அலைவடிவம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு செங்கல் கிடந்தது. தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே தடிப்பு. மெல்ல ஏறவேண்டிய பில்டப்பும் அடித்து விழவேண்டிய ட்ரொப்பும் ஒரே உயரம். தவில் எங்கே என்று தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

மாஸ்டர் சனலில் என்னென்ன போட்டிருக்கிறாய் என்று கேட்டேன். எட்டு பிளக்-இன். ஏன் எட்டு? "அந்த பக்-ல அப்பிடித்தான் இருந்தது." வகுப்பு எடுத்துச் சேர்த்த காசில் ஒரு 'மாஸ்டரிங் பிரீசெட் பக்' வாங்கியிருக்கிறான். போட்டால் பாட்டு தொழில்முறைத் தரத்துக்கு வந்துவிடும் என்று விளம்பரம் சொன்னதாம். வரவில்லை. ஆகவே பிழை தன்னில்தான், தனக்கு இது வராது என்று முடிவுகட்டிவிட்டான்.

எனக்கு வந்த கோபம் அந்தப் பெடியன் மேலே இல்லை. மாஸ்டரிங் என்ற சொல்லை ஒரு பெரிய பூட்டாக்கி, தொடக்கக்காரர் முன்னால் தொங்கவிட்டு, திறப்பு விற்கிற வியாபாரத்தின் மேலேதான் கோபம். அதைவிட, அந்த வியாபாரத்தை நம்பி "மாஸ்டரிங் தெரியாட்டி ஒண்டும் செய்யேலாது" என்று ஒருவருக்கொருவர் சொல்லித் திரிகிற எங்கள் மேலேயும்.

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். எலெக்ட்ரோனிக் நடன இசை செய்யத் தொடங்குகிற ஒருவர் முதல் பத்துப் பாட்டுக்கு மாஸ்டரிங் பற்றி யோசிக்கவே தேவையில்லை. மாஸ்டரிங்கில் பிழை என்று நீங்கள் நினைப்பது அநேகமாக மிக்ஸில் இருக்கிற பிழை. மிக்ஸில் பிழை என்று நினைப்பதில் பாதி, எந்தச் சத்தத்தைத் தெரிவுசெய்தீர்கள், எதை எப்போது நிப்பாட்டினீர்கள் என்பதில் இருக்கிற பிழை. அதைக் கடைசிச் சனலில் வைத்துத் திருத்த எந்த பிளக்-இன்னாலும் ஏலாது.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. வெட்கப்பட்டுப் படித்தது. சில வருசத்துக்கு முதல் சொந்தத்தில் ஒரு கலியாணம். இரவுச் சாப்பாடு முடிந்தபிறகு, டிஜே செய்த அண்ணையிடம் கெஞ்சி என்னுடைய ட்ராக் ஒன்றைப் போடுவித்தேன். அதற்கு முதல் போனது ஒரு சினிமாக் குத்துப் பாட்டு. மண்டபமே ஆடிக்கொண்டிருந்தது. என்னுடையது தொடங்கியது. சத்தம் குறையவில்லை, உண்மையில் கூடத்தான் இருந்தது. ஆனால் கிக் நெஞ்சில் அடிக்கவில்லை. தகரக் கூரையில் மழை பெய்வதுபோல ஒரே இரைச்சல். ஒரு நிமிசத்துக்குள் எல்லாரும் கதிரைக்குப் போய்விட்டார்கள். மச்சாள் ஒருத்தி, பாட்டு யாருடையது என்று தெரியாமல் என்னிடமே வந்து, "உதை நிப்பாட்டச் சொல்லுங்கோ, காது குத்துது" என்றாள். நானே போய் நிப்பாட்டச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து புரொஜெக்டைத் திறந்து லிமிட்டரைக் கழற்றிவிட்டுக் கேட்டேன். கிக் இருந்தது. நான்தான் அதைக் கொன்றிருக்கிறேன்.

லிமிட்டர் என்ன செய்கிறது என்று ஒருமுறை வடிவாக விளங்கிக்கொண்டால் போதும். அது ஒரு கூரை. அதற்கு மேலே எந்தச் சத்தமும் போகாது. கூரையை அப்படியே வைத்துக்கொண்டு கீழிருந்து 8 டெசிபெல் தள்ளினால், முதலில் போய் முட்டுவது எது? பாட்டில் ஆக உயரமானது, அதாவது கிக்கின் முதல் அடி, கைதட்டின் முனை, தவிலில் விரற்கூடு விழுகிற அந்தக் கணம். அவை அமுங்கும். அவற்றுக்குப் பின்னால் கிடந்த பாட், எதிரொலி, இரைச்சல் எல்லாம் மேலே வரும். ஒரு கிக் பலமாகக் கேட்பது அது உயரமாக நிற்பதால் மட்டும் இல்லை, பக்கத்தில் நிற்பவை தாழ்வாக இருப்பதாலும்தான். அந்த வித்தியாசத்தைத் தின்று தீர்த்துவிட்டு "ஏன் என்ர கிக்கில பஞ்ச் இல்லை" என்று கேட்பது, உப்பை எல்லாம் கழுவிவிட்டுக் கறி சப்பென்று இருக்கிறது என்பதுபோல.

மாஸ்டரிங் எதற்காக வந்தது என்பதையும் மறந்துவிட்டோம். இசைத்தட்டுக் காலத்தில் அது ஒரு கைத்தொழில். நாடாவில் இருக்கிற பாட்டைத் தட்டில் வெட்டவேண்டும். இடது வலது இரண்டிலும் பேஸ் மாறி மாறி ஆடினால் ஊசி வரியை விட்டுத் துள்ளிவிடும். ஆகவே பேஸை நடுவில் வைத்தார்கள். ஸ்டூடியோவில் கேட்டது வீட்டுப் பெட்டியிலும் அப்படியே கேட்கவேண்டும், அவ்வளவுதான் வேலை. நடன இசைக்கு இதில் ஒரு அழகான கதை உண்டு. 1970களின் நடுப்பகுதியில் நியூயோர்க்கில் டொம் மௌல்டன் என்ற டிஸ்கோ மிக்ஸர் ஒரு பாட்டைத் தட்டில் வெட்டப் போனபோது, வழக்கமான 7 அங்குல வெற்றுத் தட்டு கையிருப்பில் இல்லாமல் போய்விட்டது. பெரிய தட்டு ஒன்றில் வெட்டினார்கள். இவ்வளவு இடம் வெறுமையாகக் கிடக்கிறதே என்று வரிகளை அகலமாக விரித்து வெட்டினால், சத்தமும் பேஸும் எதிர்பாராமல் கூடிவிட்டன. டிஜேக்களின் 12 அங்குலத் தட்டு அங்கேயிருந்துதான் வந்தது. நடன இசைக்கு அந்தப் பலம் கிடைத்தது வரிகளுக்கு இடம் விட்டதால். நாங்கள் இருக்கிற இடத்தை எல்லாம் நிரப்பிவிட்டு பலம் தேடுகிறோம்.

இனி எண் மந்திரத்துக்கு வருவோம். "மைனஸ் 6-இல ஹெட்ரூம் விடு." "மைனஸ் 14-க்கு மாஸ்டர் பண்ணு." "30 ஹேர்ட்ஸுக்குக் கீழ வெட்டு." ஏன் என்று கேட்டால் சொன்னவருக்கும் தெரியாது.

மைனஸ் 14 என்பது எங்கிருந்து வந்தது? பாட்டின் மொத்த உரப்பை மனிதக் காது கேட்கிற விதத்துக்கு அண்மையாக அளக்க, 2006-இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஒரு அளவுமுறையை வெளியிட்டது. அதன் அலகைத்தான் லஃப்ஸ் என்கிறோம். ஸ்பொட்டிஃபை தன் இயல்பு அமைப்பில் எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 லஃப்ஸுக்குக் கொண்டுவருகிறது. யூடியூப்பும் அந்த அளவுக்கு மேலே போனதைக் கீழே இறக்குகிறது, தாழ்வாக இருப்பதை உயர்த்துவதில்லை. அப்படியானால் நீங்கள் பாட்டை நசுக்கி மைனஸ் 6-க்குக் கொண்டுபோனால் என்ன நடக்கும்? ஸ்பொட்டிஃபை அதை 8 டெசிபெல் இறக்கிவிடும். பக்கத்துப் பாட்டைவிட உரக்கக் கேட்காது. நசுங்கியது நசுங்கியதாகவே இருக்கும்.

ஆனால் மைனஸ் 14-ஐ இலக்காக வைத்து மாஸ்டர் செய்வதும் அதே மூடநம்பிக்கையின் மறுபக்கம்தான். நல்ல ஹவுஸ், டப்ஸ்டெப் பாட்டுகள் பல மைனஸ் 8, மைனஸ் 7 என்று நிற்கின்றன. அந்த எண் தளத்தினுடைய வசதிக்கு. உங்கள் பாட்டுக்கு எவ்வளவு உரப்பு பொருந்தும் என்பதை உங்கள் காதுதான் சொல்லவேண்டும்.

இங்கே நியாயமான எதிர்க் கேள்வி ஒன்று வரும். "மண்டபத்தில ஸ்பொட்டிஃபை இல்லையே அண்ணை. டிஜே வேவ் கோப்பைத்தான் போடுவார். பக்கத்துப் பாட்டு மைனஸ் 7, என்ரது மைனஸ் 13 எண்டால் என்ரது செத்துப்போகுமே?" சரியான கேள்வி. ஒரு பதில், டிஜேயின் மிக்ஸரில் ஒவ்வொரு சனலுக்கும் ஒரு கெயின் குமிழ் இருக்கிறது, அதைத் திருப்பினால் உயரும். ஆனால் அது முழுப் பதில் இல்லை என்று எனக்கும் தெரியும். ஆகவே இதைக் கவனியுங்கள்: அந்த மைனஸ் 7 பாட்டைச் செய்தவர் அந்த உரப்பை எங்கே சம்பாதித்தார்?

ட்ரொப்பில் ஒரே நேரத்தில் எத்தனை சத்தம் ஒலிக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கிக், பேஸ், ஒரு லீட், கொஞ்சம் தாளம். பல நல்ல பாட்டுகளில் அவ்வளவுதான். கிக் அடிக்கிற கணத்தில் பேஸ் சைட்செயினால் தணிகிறது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாததால் கூரையில் முட்டுவதில்லை. பேஸ் நடுவில் நிற்கிறது, 12 அங்குலத் தட்டுக் காலத்துப் பழக்கம் இன்றைக்கும் சரியாகத்தான் இருக்கிறது. பாட்டிலும் லீட்டிலும் தேவையில்லாத அடிச்சத்தம் வெட்டப்பட்டிருக்கிறது. டிரம்மின் மிஞ்சின முனைகள் டிரம் சனலிலேயே கொஞ்சம் கொஞ்சமாகச் சீவப்பட்டிருக்கின்றன. இவ்வளவும் முடிந்தபிறகு கடைசி லிமிட்டருக்கு மிஞ்சுகிற வேலை கொஞ்சம்தான். எங்கள் ட்ரொப்பில் நாலு சின்த், மூன்று பாட், இரண்டு பேஸ், எல்லாவற்றுக்கும் எதிரொலி. அதை லிமிட்டருக்குள் தள்ளி அதே உரப்பைக் கேட்கிறோம். அரிசியே போடாமல் பானையின் மூடியை இறுக்கினால் சோறு வராது.

அறையைப் பற்றியும் யாரும் சொல்லித்தருவதில்லை. யூடியூப்பில் படிப்பிக்கிறவர் சுவர் முழுக்கப் பஞ்சுப் பலகை அடித்த அறையில் இருந்து கதைக்கிறார். நாங்கள் சீமெந்துச் சுவர், சீமெந்துத் தரை, 10 அடி அறை. கணக்குப் பாருங்கள். ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 343 மீற்றர் போகிறது. 10 அடி என்பது ஏறத்தாழ 3.05 மீற்றர். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையில் அரை அலை சரியாகப் பொருந்துகிற இடம் 56 ஹேர்ட்ஸ். கிக்கும் பேஸும் குடியிருக்கிற இடமே அதுதான். அந்த அறையின் நடுவில் கதிரையைப் போட்டு இருந்தால் அந்தச் சத்தம் காணாமல் போகும். சுவரோடு சாய்ந்தால் குமுறும். நடுவில் இருந்துகொண்டு "பேஸ் காணாது" என்று 6 டெசிபெல் கூட்டுவீர்கள். பிறகு அதே பாட்டை வானில் போட்டால் கதவு அதிரும், பாட்டு கேட்காது. அதற்குப் பேர் மாஸ்டரிங் பிழையா? கதிரையை இரண்டு அடி நகர்த்தினால் திருந்துகிற பிழைக்கு ஒரு பெடியன் காசு கட்டியிருக்கிறான்.

"எல்லாத்தையும் தனியா அறைக்குள்ள இருந்து செய்தவங்கள்" என்ற கதையும் எங்களைக் கெடுக்கிறது. டஃப்ட் பங்கின் 1997 இசைத்தொகுப்புக்கு 'ஹோம்வேர்க்' என்று பேர், வீட்டு அறையில் செய்ததால். அறையில் செய்தது உண்மை. ஆனால் மாஸ்டரிங் செய்தவர் வேறொருவர், நிலேஷ் பட்டேல். அந்தப் பாட்டை நூறு தரம் கேட்டுக் களைக்காத, வேறு அறையில் இருக்கிற இன்னொருவரின் காது. மாஸ்டரிங்கில் ஆகப் பெறுமதியானது அந்தக் காதுதான். அதை எந்த பக்கிலும் போட்டு விற்கேலாது.

அந்தக் காதுக்கும் எல்லை உண்டு. 2008-இல் மெட்டாலிக்காவின் 'டெத் மக்னெடிக்' வந்தபோது, சத்தம் கிழிந்து கேட்கிறது என்று ரசிகர்களே முறைப்பாடு செய்தார்கள். அதே பாட்டுகளின் கிட்டார் ஹீரோ விளையாட்டு வடிவம் அவ்வளவு நசுங்காமல் இருந்ததால் வித்தியாசம் எல்லாருக்கும் விளங்கியது. மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சன், தன்னிடம் வரும்போதே மிக்ஸ் நசுங்கித்தான் இருந்தது என்று சொன்னார். உலகத்தின் அனுபவமிக்க காதுகளில் ஒன்றாலேயே நசுங்கியதை நிமிர்த்த முடியவில்லை. எட்டு பிளக்-இன் நிமிர்த்துமா?

"காசு இல்லாதவன் என்ன செய்யிறது, ஒட்டோமற்றிக் மாஸ்டரிங் மலிவுதானே" என்பீர்கள். 2014-இல் லாண்டர் வந்ததிலிருந்து அது இருக்கிறது, பாவிப்பதில் பாவமில்லை. ஒரு கண்ணாடி மாதிரிப் பாவியுங்கள். போட்டுக் கேளுங்கள், எது கெட்டுப்போகிறது என்று பாருங்கள், மிக்ஸுக்குத் திரும்பிப் போங்கள். மருந்தாக நினைக்காதீர்கள். மற்றபடி காசே தேவையில்லை. எப்லெட்டனிலும் எஃப்எல் ஸ்டூடியோவிலும் லிமிட்டர் கூடவே வருகிறது. உரப்பை அளக்க யூலீனின் இலவச மீற்றர் போதும்.

அப்ப என்னதான் செய்வது? அந்தப் பெடியனுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

மாஸ்டர் சனலை வெறுமையாக்குங்கள். எல்லாச் சனலையும் சேர்த்துக் கீழே இறக்குங்கள், மீற்றர் சிவக்காமல் இருந்தால் சரி. மைனஸ் 6 என்று அளந்துகொண்டிருக்கத் தேவையில்லை. சத்தம் காணாவிட்டால் ஸ்பீக்கர் குமிழைத் திருப்புங்கள், அதற்குத்தான் அது இருக்கிறது.

உங்களுக்குப் பிடித்த ஒரு பாட்டை அதே புரொஜெக்டில் ஒரு சனலில் போட்டு, உங்கள் மிக்ஸின் உரப்புக்கு அதை இறக்குங்கள். இது முக்கியம். உரக்கக் கேட்பது காதுக்கு எப்போதும் கூடிய பேஸோடும் கூடிய துலக்கத்தோடும் கேட்கும். பிளெச்சரும் மன்சனும் 1933-இலேயே அளந்து காட்டிய விசயம். உரப்பைச் சமப்படுத்தாமல் ஒப்பிட்டால் உரத்தது ஒவ்வொரு முறையும் வெல்லும், பிரீசெட் விற்கிறவர்களின் 'முன்னர், பின்னர்' வீடியோ எல்லாம் இந்த ஒரு தந்திரத்தில்தான் ஓடுகிறது.

பிறகு குறைத்துவைத்துக் கேளுங்கள், பக்கத்தில் ஒருவர் கதைத்தால் விளங்குகிற அளவுக்கு. அந்த அளவிலும் கிக் முன்னால் நின்றால் அது எங்கேயும் நிற்கும். போனில் கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் ஆழமான பேஸ் வராது, ஆகவே பேஸ் ஸ்வரமே காணாமல் போனால் அதன் மேற்பகுதிக்குக் கொஞ்சம் உறைப்புச் சேர்க்கவேண்டும் என்று அர்த்தம். இரண்டு நாள் தொடாமல் விடுங்கள். திரும்பி வந்து கேட்கும்போது முதல் அரை நிமிசத்தில் எது உறுத்துகிறதோ அதை எழுதிவையுங்கள், அதுதான் உண்மை.

இதெல்லாம் முடிந்தபிறகு லிமிட்டர் ஒன்றை மட்டும் போடுங்கள். கூரை மைனஸ் 1, எம்பி3 ஆக மாறும்போது முனை கிழியாமல் இருக்க. இரண்டு, மூன்று டெசிபெல் அமுக்கினால் போதும். உரப்பைச் சமப்படுத்தி, போட்டும் கழற்றியும் கேளுங்கள். கிக் சிறுத்தால் லிமிட்டரோடு சண்டைபிடிக்காமல் மிக்ஸுக்குத் திரும்புங்கள்.

அந்தப் பெடியன் ஒரு கிழமை கழித்துத் திருப்பி அனுப்பினான். சத்தம் குறைவு. குமிழைத் திருப்பினேன். தவில் வந்தது. விரற்கூடு தோலில் விழுகிற சத்தம் தனித்தனியாகக் கேட்டது, பின்னால் யாரோ "அங்கால தள்ளு" என்று சொல்வது உட்பட. பேஸ் இன்னும் குழம்பிக்கொண்டுதான் இருக்கிறது, நடுவில் ஒரு சின்த் தேவையில்லை, இரண்டாவது ட்ரொப் நீளம். எல்லாம் சொன்னேன். "அப்ப விடத்தேவையில்லையா அண்ணை?" என்று கேட்டான். அந்தத் திருவிழாச் சத்தத்தை அவனைத் தவிர வேறு யாரும் வைத்திருக்கவில்லை. ஒரு பிரீசெட்டுக்காக அது இல்லாமல் போயிருக்கும். இப்படி எத்தனை பேர் சொல்லாமலே விட்டுப்போயிருப்பார்கள் என்று யோசித்தால்தான் வயிறு எரிகிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். பிரீசெட் வாங்குகிற காசை மிச்சம்பிடியுங்கள். மாதத்தில் ஒரு பின்னேரம் கூடுவோம். ஆளுக்கொரு ட்ராக், மாஸ்டர் சனல் வெறுமையாக. ஒருவருடையதை மற்றவர்கள் கேட்டு, முகத்துக்கு நேரே சொல்லவேண்டும், "நல்லாயிருக்கு" என்ற சொல்லுக்குத் தடை. முதலில் அறையில், பிறகு போனில், கடைசியாக யாருடையதாவது வானில். டீசல் காசைப் பங்குபோடலாம்.